முடிச்சுப் போடும் செவ்வாய்கள்

ஜனவரி 14, 2025, செவ்வாய்

விடியவே பொங்கி, ஆறுவதற்குள் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு மெனோனைட் கிறிஸ்தவர்களின் தேவாலய பேஸ்மென்டுக்குப் போனேன். பெரியம்மா என்று நான் கூப்பிடும் மூதாட்டியின் கதிரை காலி. இருமலாம். அவருக்கென்று எடுத்து வைத்த பொங்கல் அப்படியே திரும்பி வந்தது.

அகதிகளுக்கான போர்வை மூன்று கட்டி முடித்தோம். யாரோ கொடுத்த துணி மூட்டையில் ஆமிக்காரரின் உடுப்புத் துணியில் ஒரு துண்டு இருந்தது, அந்தப் பச்சையும் மண்ணிறமும். மேசைத் தலைப்பில் இருந்தவர் பேசாமல் எடுத்து அப்பால் வைத்தார். இங்கே அப்படித்தான், சண்டைக்குத் தப்பி வந்த பிள்ளை அந்த நிறத்தைப் போர்த்திக்கொண்டு படுக்கக் கூடாது. எனக்குக் கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை.

ஜனவரி 16

நாங்கள் ஸ்பொன்சர் செய்யும் ஐந்து பேர் அகதிக் குடும்பத்தைப் பற்றி உகண்டாவின் கம்பாலாவிலிருந்து செய்தி இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

இந்தச் சபையின் வழி தொடங்கி இன்றோடு ஐந்நூறு வருஷம். 1525இல் இதே நாள் சூரிச்சில் ஒரு வீட்டுக்குள் சிலர் கூடி, குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் போதாது, விசுவாசம் அறிந்து எடுப்பதுதான் சரி என்று ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் கட்டி அமிழ்த்திக் கொன்றார்கள். மெனோ சைமன்ஸ் என்ற ஃப்ரீஸ்லாந்துப் பாதிரியார் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு 1536இல், மெனோனைட் என்ற பெயர் மட்டும் அவருடையதாக நிலைத்துவிட்டது.

பேஸ்மென்டில் ஒரு சின்ன ஜெபம் சொன்னார்கள், பிறகு ஊசி. கேக் இல்லை, பேச்சு இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அறுபது அங்குலம் அகலம், எண்பது அங்குலம் நீளம், ஒரு கை அகலத்துக்கு ஒரு முடிச்சு. வலதை இடதுக்கு மேலே, பிறகு இடதை வலதுக்கு மேலே. பெரியம்மா சொல்லித் தந்தது. கட்டினதும் இழுத்துப் பார், பிள்ளை, சறுக்கினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டு.

கதிரை இன்றும் காலி.

ஜனவரி 25

பெரியம்மா ஆஸ்பத்திரியில். நுரையீரலில் நீர். கையைப் பிடித்தவுடன் கேட்டது: அந்த ஐந்து பேருக்கும் கட்டியாயிற்றா? மூன்று முடிந்தது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜனவரி 28, செவ்வாய்

அமெரிக்காவில் அகதிகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் மேசையில் இருக்கும் ஒருவரின் மச்சாள் லான்காஸ்டரில் இருக்கிறார், அவர்களும் ஒரு குடும்பத்துக்கு வீடு பார்த்து, கட்டில் போட்டு, பால் கூட வாங்கி வைத்திருந்தார்களாம். இனி வரமாட்டார்கள். கனடாவில் இது வேறு, 1979இல் தனியார் ஸ்பொன்சர் ஒப்பந்தத்தில் முதலில் கையெழுத்துப் போட்டதே மெனோனைட் மத்தியக் குழு என்ற நிவாரண அமைப்புதான், எங்கள் கோப்பு பத்திரமாக இருக்கிறது என்று கமிட்டியில் இரண்டு தரம் சொன்னார்கள். சரி. இரவு நித்திரை வரவில்லை.

நான் வந்த வருஷம் எனக்குத் தந்த போர்வை இப்போதும் அலுமாரியில் இருக்கிறது. ஒரு முடிச்சுக்கூட விடவில்லை.

பெப்ரவரி 2

பெரியம்மா இன்று நிறையக் கதைத்தார், மூச்சு வாங்க வாங்க. கேட்டதை எழுதி வைக்காவிட்டால் விட்டுப்போகும்.

அவருடைய தாய் பிறந்தது இப்போது உக்ரைனாக இருக்கும் மொலோச்னாவில். 1922 பஞ்சத்தில் அந்தச் சிறுமியைக் காப்பாற்றியது ஒரு கஞ்சிச்சாலை. அந்தப் பக்கத்தில் பட்டினி கிடந்தவர்களுக்காகவே வட அமெரிக்க மெனோனைட்டுகள் 1920இல் சேர்ந்து தொடங்கியதுதான் இந்த மத்தியக் குழு. 1924 ஜூலையில் வாட்டர்லூவில் வந்து நின்ற ரயிலில் சுமார் 850 பேர் இறங்கினார்கள், அவர்களில் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையாக அந்தத் தாயும். ஏர்ப் வீதித் தேவாலயத்தில் சாப்பாடு போட்டு, வீடு வீடாகப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆக, வந்து இறங்குகிறவர்களுக்குப் படுக்கை விரிப்பது பெரியம்மாவுக்குத் தாய்வீட்டுப் பழக்கம். அவருடைய அப்பாவோ இரண்டாம் உலகப்போரில் துவக்கு எடுக்க மறுத்து, பிரிட்டிஷ் கொலம்பியாவில் நாளுக்கு ஐம்பது சதத்துக்கு மரம் நட்டவர். இதெல்லாம் முன்பே தெரியும்.

தெரியாதது இதுதான். பஞ்சத்துக்கு முன், மாக்னோ என்ற கிளர்ச்சித் தலைவனின் ஆட்கள் ஊர் ஊராகக் கொன்றுகொண்டு வந்தபோது, அங்கே சில மெனோனைட் ஊர்களில் தற்காப்புப் படை கட்டினார்கள். நானூறு வருஷமாக வாளெடுக்காத சனம். பெரியம்மாவின் தாத்தாவும் துவக்கு எடுத்தார். அதை வீட்டில் யாரும் வாய்திறந்து சொன்னதில்லை, அவருடைய தாய் சாகும் தறுவாயில்தான் சொன்னாராம், இன்று இவர் எனக்குச் சொல்கிறார். “அவர் கெட்டவர் இல்லை, பிள்ளை. அவருக்கு நான்கு பெண்பிள்ளைகள்.”

அண்ணாவைப் பற்றி நான் ஒரு நாளும் இவரிடம் சொன்னதில்லை. அண்ணா வீட்டை விட்டுப் போனபோது எங்கள் வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள்.

சொல்லியிருக்கலாம். நேர்ஸ் வந்துவிட்டார்.

பெப்ரவரி 4, செவ்வாய்

பேஸ்மென்டுப் படியிறக்கத்தில் அந்தப் படம் தொங்குகிறது. டிர்க் வில்லெம்ஸ், 1569, ஒல்லாந்தில் ஆஸ்பெரன். சிறைவைத்த இடத்திலிருந்து கந்தல் துணியை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி இறங்கி, மெல்லிய பனிக்கட்டி மேல் ஓடித் தப்பிவிட்டார். துரத்தி வந்தவன் பனி உடைந்து விழுந்தான். இவர் திரும்பி வந்து கைகொடுத்துத் தூக்கினார். அந்தத் தூக்கின கையாலேயே பிடிபட்டு, மே 16ஆம் தேதி எரித்தார்கள், பலத்த கீழைக்காற்று, நெருப்பு மேலுக்கு ஏறாமல் நெடுநேரம் எடுத்ததாம்.

முப்பது வருஷமாக இதைத் தாண்டித்தான் இறங்குகிறேன். தூக்கப்பட்டவன் அன்றிரவு வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டான்?

பெப்ரவரி 6

அந்தப் படத்தையே நினைத்துக்கொண்டு வேலையில் இரண்டு பிழை விட்டேன்.

இங்கிருந்து அரை மணித்தியாலம்கூட இல்லை எல்மைரா. 1974இல் இரண்டு பொடியன்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களை உடைத்து நாசம் பண்ணினார்கள். நன்னடத்தை அதிகாரியாக இருந்த ஒரு மெனோனைட், இவர்களை அந்த வீடுகளுக்கே கூட்டிப்போனால் என்ன என்று கேட்டார், நீதிபதி சம்மதித்தார். கதவு கதவாகத் தட்டி, செய்தது நாங்கள்தான் என்று சொல்லி, நட்டத்தையும் கட்டினார்கள். இன்று எத்தனையோ நாடுகளில் நடக்கும் சமரச முறைக்கு இதைத்தான் தொடக்கம் என்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறையும், இதைவிடப் பெரிய நீதி எனக்குத் தெரியாது, ஆனால் அந்த வீட்டுக்காரருக்குக் கதவைத் தட்ட ஒருவன் வந்தான், செய்தது நான்தான் என்று சொல்ல ஒரு வாய் இருந்தது. என் கதவை இதுவரை யாரும் தட்டவில்லை. அம்மா கண்மூடும் வரை வாசல் விளக்கை அணைக்க விடவில்லை.

பெப்ரவரி 8

திகதி வந்துவிட்டது! 17ஆம் திகதி இரவு, பியர்சன் விமான நிலையம். எரித்திரியாவிலிருந்து புறப்பட்டு எத்தனை வருஷம். ஐந்து பேர், கடைசிப் பிள்ளைக்கு நான்கு வயது. ஐந்தாவது போர்வை இன்னும் சட்டத்திலேயே இருக்கிறது.

பெப்ரவரி 11, செவ்வாய்

ஐந்தும் முடிந்தது. கடைசி முடிச்சைப் பெரியம்மாவுக்கென்று விட்டுவைத்து, மாலையில் மூலையை மட்டும் சுருட்டிப் பையில் கொண்டுபோனேன். விரல் மடங்கவில்லை. என் விரலின் மேல் தன் விரலை வைத்துக்கொண்டார், நான் கட்டினேன். இழுத்துப் பார்த்தது அவர்தான்.

அப்போது அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, போர்வை மூலையை என் மடியில் இழுத்து விட்டார்.

பெப்ரவரி 16

பனி, பனி, பனி. வாடகை வீட்டின் படிகளை மூன்று தரம் வாரினோம். கட்டில்கள் தயார்.

பெப்ரவரி 17

மத்தியானம் பியர்சனில் ஒரு விமானம் தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது. எங்களுடையது இல்லை. எண்பது பேரும் உயிரோடு. கடவுளே.

இரவு 11. எங்களுடையதை மொன்றியலில் இறக்கிவிட்டார்களாம்.

பெப்ரவரி 18, செவ்வாய்

விடியற்காலை. மொன்றியலிலிருந்து புறப்பட்டுவிட்டார்கள், மத்தியானத்துக்குள் இங்கே. கைபேசியில் பெரியம்மாவின் மகளுடைய அழைப்பு இரண்டு, 3:40க்கும் 4:15க்கும், எனக்குக் கேட்கவில்லை. திருப்பி எடுக்க வேணும். சின்னவனின் கால் அளவு தெரியாமல் சப்பாத்து மூன்று சோடி வாங்கி வைத்திருக்கிறேன், அதைக் காரில் ஏற்றிவிட்டு