மலையில ஓடுற வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது

வண்டி வச்சிருக்கிற யார்கிட்ட கேட்டாலும் "அஞ்சாயிரத்துக்கு ஒருக்கா ஒயில் மாத்துறேன், வேற என்ன செய்ய"ன்னு தான் சொல்லுவாங்க. அது சரிதான், செய்யத்தான் வேணும். ஆனா கொழும்புல நேர் ரோட்டுல ஓடுற அஞ்சாயிரமும் ஹட்டன்ல இருந்து பொகவந்தலாவை, மஸ்கெலியான்னு ஏறி இறங்குற அஞ்சாயிரமும் ஒண்ணு இல்லங்க. இங்க ரெண்டாம் கியர், மூணாம் கியர்லயே பாதி நேரம் போயிடுது, மீட்டர் மெதுவா தான் ஏறும், உள்ளுக்குள்ள எஞ்சின் சுத்துற சுத்து எங்கயோ போயிடும், கிளச்சு, பிரேக்கு, ரேடியேட்டர் எல்லாம் அதே மாதிரி தான். அதனால எங்க வீட்டுல மீட்டரையும் பார்ப்போம், மழையையும் பார்ப்போம், எந்த ரோட்டுல ஓடிச்சுன்னும் பார்ப்போம்.

எங்க வண்டி இங்க டொல்பின்னு சொல்ற டொயோட்டா ஹயஸ் வேன், 3எல்னு பேர் உள்ள டீசல் எஞ்சின். அப்பா ஓட்டுனது, இப்ப நான் ஓட்டுறேன், காலையில ஸ்கூல் பிள்ளைங்க, மிச்ச நேரம் கெடைச்ச ஹயர். ஏன் இன்னும் இதையே வச்சிருக்கேன்னு கேட்கிறவங்களுக்கு பதில் ரொம்ப லேசு. 2020 மார்ச்ல வாகன இறக்குமதியை நிப்பாட்டுனாங்க, சொந்த பாவனைக்கான வண்டிங்களை திரும்ப விட்டது 2025 பெப்ரவரியில, விட்ட பிறகும் வரியோட சேர்த்து வர்ற விலை எங்கள மாதிரி ஆட்களுக்கு எட்டாது. லீசிங் போட்டு புதுசு எடுத்து மாசாமாசம் தவணைக்கு ஓடுறத விட இருக்கிறதை நல்லா வச்சிக்கிறது தான் எங்க குடும்பத்துக்கு சரி, அப்பாவும் அப்படித்தான் நெனைச்சாரு, நானும் அப்படித்தான் நெனைக்கிறேன்.

மொதல்ல பிரேக் விஷயத்தை சொல்லிடுறேன், ஏன்னா அது உயிர் போற விஷயம். டொல்பின் ஓட்டுற நிறைய தம்பிமாருக்கு தெரியாத ஒண்ணு என்னன்னா, இந்த எஞ்சின்ல பிரேக்குக்கு வேக்குவம் (காத்தை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், பெடலை லேசாக்குறது அது தான்) குடுக்கிற பம்ப் ஆல்டனேட்டருக்கு பின்னால தான் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆல்டனேட்டரை சுத்துறது பேன் பெல்ட். இப்ப யோசிச்சு பாருங்க, பெல்ட் அறுந்தா சார்ஜ் நிக்கும், வாட்டர் பம்ப் நிக்கும், கூடவே வேக்குவமும் நின்னுடும். சர்வோவுல (பெடலுக்கு உதவி பண்ற டப்பாவுல) மிச்சம் இருக்கிற வேக்குவத்துல ஒரு தரம் ரெண்டு தரம் பிரேக் நல்லா புடிக்கும், அதுக்கு பிறகு பெடல் கல்லு மாதிரி ஆயிடும். நேர் ரோட்டுல சமாளிச்சு ஓரம் கட்டிடலாம், றம்பொடை இறக்கத்துல, கினிகத்தேனை வளைவுல பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வரக்குள்ள அப்படி ஆச்சுன்னா? அதனால வண்டி ஓடுறப்போ பேட்டரி லைட் எரிஞ்சா "கரண்ட் வேலை தானே, டவுனுக்கு போய் பார்த்துக்கலாம்"னு விடாதீங்க, அந்த இடத்துலயே மெதுவா ஓரம் கட்டி பெல்ட் இருக்கான்னு பாருங்க. நான் காலையில பானட்டை தூக்குறது (டொல்பின்ல முன் சீட்டை தூக்குறது) ஒயில், தண்ணி பார்க்க மட்டும் இல்ல, பெல்ட்டை விரலால திருப்பி உள்பக்கத்துல வெடிப்பு இருக்கான்னு பார்க்கத்தான், வெளிப்பக்கம் எப்பவும் நல்லா தான் தெரியும். வேன்ல எப்பவும் ஒரு செட் புது பெல்ட் கெடக்கும், அதை மாத்துற ஸ்பேனரும் கெடக்கும். ஆல்டனேட்டருக்கு பின்னால ஒயில் கசிவு இருக்கான்னும் பாருங்க, அந்த பம்ப்புக்கு எஞ்சின் ஒயில் தான் போகுது, சின்ன ஹோஸ் ஒண்ணு வெடிச்சா மொத்த ஒயிலும் வெளிய போயிடும்.

இதே காரணத்துக்காகத்தான் இறக்கத்துல எஞ்சினை நிப்பாட்டிட்டு உருட்டிக்கிட்டு போறதை பார்த்தா எனக்கு நெஞ்சு பதறும். 2022ல டீசலுக்கு பெட்ரோல் செட்ல நாள்கணக்கா வரிசையில நின்ன காலத்துல நிறைய பேர் இப்படி வந்தாங்க, இன்னும் சிலர் அந்த பழக்கத்தை விடல்ல. எஞ்சின் நின்னா வேக்குவமும் இல்ல, பவர் ஸ்டியரிங்கும் இல்ல. மிச்சம் புடிக்கணும்னா கியர்லயே விட்டு காலை எடுங்க, எஞ்சின் தானா இழுத்து புடிக்கும், டீசல் பம்ப்பும் அந்த நேரம் டீசலை வெட்டிடும், நியூட்ரல்ல விட்டா தான் ஐட்லிங்குக்கு டீசல் குடிக்கும். ஏறுன கியர்லயே இறங்குன்னு அப்பா சொல்லுவாரு, எங்க பக்கத்து லொறிக்காரங்க எல்லாருமே சொல்றது தான். பிரேக்கை அமத்திக்கிட்டே இறங்குனா லைனர் சூடாகி வாசம் வரும், பிறகு புடிக்காது.

பிரேக் ஒயிலையும் மறந்துடாதீங்க, குறையுறப்போ மேல ஊத்துறது மட்டும் போதாது, முழுசா மாத்தணும். அது காத்துல இருக்கிற ஈரத்தை குடிக்கிற சாமான். டொட் 3 ஒயில் புதுசுல 205 பாகைக்கு தான் கொதிக்கும், ஈரம் குடிச்ச பிறகு 140க்கே கொதிக்கலாம், கொதிச்சா லைனுக்குள்ள ஆவி, பெடல் அப்படியே கீழ போகும். எங்க ஊரு மிஸ்டும் மழையும் சொல்லவே தேவையில்ல, அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா முழுசா எடுத்துட்டு புதுசு போட்டு காத்து எடுப்போம், வண்டி ஓடுனாலும் சரி ஓடாட்டியும் சரி.

அடுத்தது தண்ணி. நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர் உசரம், அங்க திறந்த சட்டியில தண்ணி 94 பாகை கிட்டயே கொதிச்சிடும். ரேடியேட்டர்ல கொதிக்காம வச்சிருக்கிறது அந்த சின்ன மூடி தான், மூடியில 0.9ன்னு அடிச்சிருக்கும், அவ்வளவு அழுத்தத்தை உள்ள புடிச்சு வச்சா தான் கொதிக்கிற சூடு மேல போகும். மூடிக்கு அடியில இருக்கிற ரப்பர் காஞ்சு வெடிச்சிருந்தா அழுத்தம் நிக்காது, தலவாக்கலையில இருந்து நானுஓயா ஏறக்குள்ள சூடு ஏறிடும், ஆட்கள் ரேடியேட்டர் அடைச்சிருக்குன்னு கழட்டி ஆயிரக்கணக்குல செலவு பண்ணுவாங்க. மொதல்ல மூடியை மாத்தி பாருங்க, சும்மா ஒரு சின்ன சாமான். (சூடா இருக்கிறப்போ தொறக்கவே வேணாம், முகத்துல அடிக்கும்.) பீலி தண்ணி (மலையில இருந்து குழாயில வர்ற தண்ணி) ஊத்துறதையும் நிப்பாட்டிட்டு கூலன்ட் போடுங்க, எங்க பீலி தண்ணி குடிக்க நல்ல தண்ணி, ஆனா துருவை தடுக்கிற மருந்து எதுவும் அதுல இல்ல, உள்ள துரு புடிச்சு செங்கல் கலர்ல வரும். 3எல் எஞ்சின் ஒரு தரம் நல்லா சூடானா ஹெட் வெடிக்கும், ஹெட் போனா அந்த செலவுல வருஷக்கணக்கா கூலன்ட் ஊத்தலாம்.

டீசல் பில்டருக்கு அடியில ஒரு சின்ன திருகு இருக்கும், குளிர் காலத்துல அதை அடிக்கடி திறந்து விடணும். ராத்திரி குளிருல டேங்க்குக்குள்ள காத்துல இருக்கிற ஈரம் தண்ணியா ஒதுங்கும், டேங்க் பாதி காலியா இருந்தா இன்னும் கூட. அடியில கப் வச்சு திருகை தளர்த்தி மேல இருக்கிற கை பம்ப்பை அமத்துனா மொதல்ல தண்ணி வரும், பிறகு கலங்கலா வரும், சுத்தமா டீசல் வந்ததும் மூடிடலாம். அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. அந்த தண்ணி டீசல் பம்ப்புக்கு போச்சுன்னா நல்ல சல்லி போகும்.

துரு பத்தி தனியா ஒரு பதிவே போடணும், அவ்வளவு இருக்கு. வட்டவளை பக்கம் வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யுற இடம், மே மாசம் தொடங்கினா செப்டம்பர் வரைக்கும் வண்டி காயவே காயாது. கதவுக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், மழைத்தண்ணி வடியுறதுக்கு கம்பெனியே விட்டது, சவுக்கு எலையும் சேறும் போய் அதை அடைச்சிடும், கதவை ஆட்டி பாருங்க உள்ள தண்ணி சத்தம் கேட்கும். ஒரு கம்பியால குத்தி விட்டா போதும், கதவு பல வருஷம் நிக்கும். முன் கண்ணாடி பீடிங் ரப்பருக்கு அடியிலயும் கூரை ஓரத்துல தண்ணி ஓடுற காணுக்குள்ளயும் பெயின்ட் கொஞ்சம் பொங்கி இருந்தா அப்பவே சுரண்டி பிரைமர் அடிங்க. சுரண்டாம மேல துருவை தடுக்க பூசுற கறுப்பு அண்டர்சீல் அடிக்கிறது தான் ரொம்ப மோசம், வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள ஈரத்தை அடைச்சு வச்சு சேஸியை தின்னும். பழைய ஒயிலை அடியில அடிக்கிறவங்களும் இருக்காங்க, புஷ் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும், கழுவுற தண்ணி கீழ ஆத்துக்கு தான் போகுது, எனக்கு அது புடிக்காது.

இன்னொண்ணு தோட்டத்து ஆட்களுக்கு நல்லா தெரியும். உர மூட்டை ஏத்துனா அன்னைக்கே வண்டியை கழுவணும். பொட்டாஷ் உப்பு வகை தான், யூரியாவும் ஈரத்தை இழுக்கும், மூட்டையில இருந்து கொட்டுனது தரையில விரிச்சிருக்கிற மேட்டுக்கு அடியில போய் உக்காந்துச்சுன்னா தரை ஓட்டை ஆகிடும். நாங்க தெரிஞ்சவங்களுக்கு ஏத்துவோம், ஆனா தார்பாய் விரிச்சு தான் ஏத்துவோம், இறக்குன கையோட மேட்டை தூக்கி தண்ணி அடிச்சு வெயில் வந்தா கதவை எல்லாம் திறந்து காய விடுவோம்.

டைமிங் பெல்ட்டுக்கு (பேன் பெல்ட் இல்ல, வால்வுகளை நேரத்துக்கு திறந்து மூட வைக்கிறது) ஒரு லட்சம் கிலோமீட்டர்னு கம்பெனி சொல்லுது, மீட்டர் போர்டுல டி-பெல்ட்னு ஒரு லைட்டும் வரும். கை மாறி வந்த வண்டியில அந்த லைட்டை நம்ப ஏலாது, மீட்டரை யாரு மாத்துனாங்க, யாரு பின்னுக்கு சுத்துனாங்கன்னு யாருக்கு தெரியும். வாங்குன உடனே மாத்திடுங்க, டென்ஷனரையும் ஒயில் சீலையும் சேர்த்து. அறுந்தா வால்வு பிஸ்டன்ல அடிச்சு எஞ்சின் முடிஞ்சிரும், இதுல மிச்சம் புடிக்க ஒண்ணும் இல்ல.

சாமான் வாங்குறதுக்கு கொழும்புல பஞ்சிகாவத்தை போறவங்க ஒரு விஷயத்துல கறாரா இருங்க. கதவு, பம்பர், லைட், கியர் பொட்டி கூட ஜப்பான்ல இருந்து வந்த பழசு நல்லா இருக்கும், வாங்கலாம். பிரேக் ஹோஸ், சிலிண்டர் கப், பால் ஜொய்ன்ட், டயர் மட்டும் பழசு வேணவே வேணாம். டயர் புதுசுன்னு சொல்லி வித்தாலும் பக்கத்துல இருக்கிற நாலு இலக்கத்தை பாருங்க, 2319ன்னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சது, கட்டை நல்லா இருந்தாலும் ரப்பர் கிழடு.

எல்லாத்தையும் எழுதி வைங்க. அப்பா ஒரு சீஆர் கொப்பியில தேதி, மீட்டர், என்ன மாத்துனது, என்ன விலைன்னு எழுதிட்டு வந்தாரு, பெல்ட் மாத்துனா பழைய பெல்ட்டோட நம்பரையும் எழுதுவாரு. எங்க மெக்கானிக் பாஸ் வண்டிக்கு கீழ போறதுக்கு முன்னால அந்த கொப்பியை தான் கேட்பாரு, "தம்பி, கொப்பிய குடுங்க, போன தரம் இடது பக்கம் என்ன செஞ்சோம்னு பார்ப்போம்"னு சொல்லி ஒயில் கையை துடைச்சிட்டு தான் புரட்டுவாரு. ஒரே கராஜுக்கு போறதோட நன்மை அது தான், விலை கொஞ்சம் கூடன்னாலும் நான் வேற இடம் போக மாட்டேன்.

இந்த லீவுல பின் பக்கத்து வீல் சிலிண்டர் ரெண்டையும் கழட்டி பார்க்கணும், முன் பிரேக் ஹோஸும் மாத்துற காலம் வந்துட்டு, கொப்பி அப்படித்தான் சொல்லுது. மே மழைக்கு முன்னால முடிச்சிடுவோம். டொல்பின் வச்சிருக்கிறவங்க அந்த வேக்குவம் பம்ப்புக்கு ஒயில் போற ஹோஸை மட்டும் இன்னைக்கே ஒருக்கா தடவி பாருங்க.