கடலூர் டு துபாய்: நெகட்டிவ் ரிப்போர்ட் இருந்தும் நிறுத்திவைத்தார்கள்

2021 செப்டம்பரில், கொரோனா கட்டுப்பாடுகள் இருந்தபோதைய நிலவரம் இது; இந்த விதிகள் இப்போது இல்லை. கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து மீனம்பாக்கம் போய் துபாய் விமானம் ஏறப்போகும் ரெசிடென்ஸ் விசாக்காரர்களுக்காக அப்போது எழுதியது. டிக்கெட், ஜிடிஆர்எஃப்ஏ (துபாய் குடியேற்றத் துறை) அனுமதி இரண்டும் ஆன்லைனிலேயே முடிந்துவிடும். மாட்டிக்கொள்வது, விமானம் கிளம்புவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் கொரோனா டெஸ்ட் ரிப்போர்ட்டில்.

செக்-இன் கவுன்டரில் ரிப்போர்ட்டை வாங்கியவர் 'நெகட்டிவ்' என்ற வார்த்தையைத் தேடவே இல்லை. நேராக கியூஆர் கோடை ஸ்கேன் செய்தார். லேபின் முகப்புப் பக்கம் திறந்தது. "ரிப்போர்ட்டே திறக்கணும் சார், இது செல்லாது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். லேபுக்குப் போன் மேல் போன் போட்டு, சரியான பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வந்து சேர 50 நிமிடம் ஆனது. கவுன்டர் மூடும் நேரத்தில் போயிருந்தால் டிக்கெட் பணம் அவ்வளவுதான்.

ஆகவே ரிப்போர்ட் கைக்கு வந்த உடனே வேறொருவர் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். திறக்கும் பக்கத்தில் அதே பெயர், அதே பாஸ்போர்ட் எண், அதே முடிவு இருக்க வேண்டும். அடுத்து, சளி மாதிரி எடுத்த தேதியும் மணியும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு நேரத்தையும் ரிப்போர்ட் நேரத்தையும் மட்டும் போடும் லேப்கள் உண்டு. 48 மணி நேரம் ஓடத் தொடங்குவது மாதிரி எடுத்த நிமிடத்திலிருந்து. பதிவு செய்யும்போதே வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லி பாஸ்போர்ட் நகலைக் கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

கணக்கு இப்படி: விமானம் வெள்ளி இரவு 9:50 என்றால் வியாழன் காலை 9 மணிக்கு மாதிரி கொடுங்கள். விமானம் தாமதமானாலும் 11 மணி நேரம் கையில் நிற்கும். புதன் மாலையே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்காதீர்கள், காலாவதியாகிவிடும்.

பெயர் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. கோவின் தடுப்பூசிச் சான்றிதழ் ஆதார்படி வந்திருக்கும். கோவின் தளத்தில் 'ரைஸ் அன் இஷ்யூ' பகுதிக்குள் போய் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கலாம், பெயரையும் திருத்தலாம். ஆனால் திருத்தம் ஒரே முறைதான். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்து அடியுங்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

கடலூரிலிருந்து காலை 10 மணிக்காவது கிளம்புங்கள். புதுச்சேரியில் இந்திரா காந்தி சிலை சந்திப்பும் பரனூர் டோல்கேட்டும் நேரத்தைத் தின்னும். விமானம் கிளம்புவதற்கு முந்தைய 6 மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே ரேபிட் பிசிஆர் எடுக்க வேண்டும்; ஆன்டிஜென் டெஸ்ட் செல்லாது. முடிவு கையில் இருந்தால்தான் போர்டிங் பாஸ். சமீபத்தில் கொரோனா வந்து தேறியவர்கள் இங்கே கவனம்: உடம்பில் மிச்சமிருக்கும் வைரஸ் துணுக்குகளே பாசிட்டிவ் காட்டிவிடலாம். அவர்கள் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுப்பது புத்திசாலித்தனம்.

விமானத்துக்குள் பயம் அதிகம் வேண்டாம். உள்ளே சுற்றும் காற்றைச் சுத்தம் செய்யும் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களிலேயே 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். ஆபத்து பக்கத்து இருக்கையில்தான், அதுவும் சாப்பாடு வரும்போது வரிசையே ஒன்றாக மாஸ்க்கைக் கழற்றும் நேரத்தில். பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டு மாஸ்க் போட்ட பிறகு நீங்கள் சாப்பிடுங்கள். தலைக்கு மேலுள்ள காற்றுக்குழாயை மூடாதீர்கள். வால்வு வைத்த மாஸ்க் வேண்டாம். நீங்கள் விடும் மூச்சு வடிகட்டாமல் அப்படியே வெளியே போகும்.

துபாயில் இறங்கியதும் இன்னொரு பிசிஆர். முடிவு வரும்வரை அறையை விட்டு வெளியே போகக் கூடாது. அங்கே உள்ள சிம் கார்டு எண்ணையே கொடுங்கள். இந்திய எண்ணைக் கொடுத்து ரோமிங் வேலை செய்யாவிட்டால், வந்த முடிவு உங்களுக்குத் தெரியாமல் கிடக்கும்.