மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்: பிளக்கில் தொடங்கி டேப்பட்டில் முடிந்தது

என் பழைய பெட்ரோல் காரில் என்ஜின் சூடானதும் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாக ஓடும்போது, மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போவது) வர ஆரம்பித்தது. ஸ்டார்ட் செய்தவுடன் சீராகத்தான் ஓடும். சூடு ஏறிய பிறகு ஸ்டீயரிங்கில் ஒரு குலுக்கல், சைலன்சரில் விட்டுவிட்டு ஒரு பொத் பொத் சத்தம். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் போய்விடும். செக் என்ஜின் விளக்கு எரிந்தபடியே இருந்தது, சிமிட்டவில்லை. சிமிட்டினால் மட்டும் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே பாழாக்கிவிடும்.

வண்டியின் கணினியிலிருந்து பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டினேன். பி0303 என்ற கோடு (code) வந்தது. கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கிறது. ஒரே சிலிண்டரில் நிற்காமல் அங்கும் இங்கும் மிஸ் ஆனால் பி0300 வரும். இந்தக் கோடைப் பார்த்ததும் பலரும் நேராகப் பிளக்கும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலும் வாங்கப் போய்விடுகிறார்கள். ஆனால் பிளக்கில் பொறி வந்ததா என்று ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பார்ப்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஷாஃப்ட்டுக்குக் கிடைக்கும் சின்ன உந்துதலை ஒரு சென்சார் வழியாகக் கவனிக்கிறது. எந்த சிலிண்டரின் முறையில் அந்த உந்துதல் குறைகிறதோ அதன் பெயரைச் சொல்கிறது, அவ்வளவுதான். காரணம் பொறியா, பெட்ரோலா, கம்ப்ரஷனா (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பது) என்பதை நாம்தான் தேட வேண்டும்.

மூன்றாவது சிலிண்டரின் காயிலையும் பிளக்கையும் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டேன், அங்கிருந்ததை இங்கே. கோடை அழித்துவிட்டு, என்ஜின் சூடாகும்வரை ஓட்டினேன். மறுபடியும் பி0303. பழுது முதல் சிலிண்டருக்கு இடம் மாறவில்லை என்பதால் காயில், பிளக் இரண்டுமே ஒரே சோதனையில் தப்பித்தன. கோடு பி0301 என்று மாறியிருந்தால், இரண்டில் எது என்று தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். பிளக்கின் முனையும் நல்ல பழுப்பு நிறத்தில் காய்ந்து இருந்தது. பிளக் குழிக்குள் ஆயில் தேங்கவில்லை.

சிலிண்டருக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் அதிக நேரம் செலவழிக்கவில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டால் டிக் டிக் என்று கேட்க வேண்டும். நான்கிலும் ஒரே மாதிரி கேட்டது. மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸும் நான்கிலும் கிட்டத்தட்ட 14 ஓம். அடைப்பு இருந்தால் இதில் தெரியாதுதான். ஆனாலும் இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன்னால் கம்ப்ரஷனைப் பார்ப்பது சுலபம்.

கம்ப்ரஷன் பார்ப்பதில் அவசரப்பட்டால் எண்கள் பொய் சொல்லும். என்ஜின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கொதிக்கும் சூட்டில் பிளக்கைக் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடக்கூடும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டேன், காயில்களின் கனெக்டர்களையும் கழற்றினேன். நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு கேஜை மாட்டினேன். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க உள்ளே ஓர் ஆள் வேண்டும். பெடலை மிதிக்காவிட்டால் காற்று போதுமான அளவு உள்ளே வராது, எல்லா சிலிண்டரும் பலவீனமாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் முள் ஏறுவது நிற்கும்வரை ஒரே அளவு செல்ஃப் அடித்தோம். 175, 170, 115, 172 பிஎஸ்ஐ.

அந்த 115-ஐப் பார்த்ததும் எனக்கு ஒரு பக்கம் வருத்தம், இன்னொரு பக்கம் நிம்மதி. இனி குருட்டாம்போக்கில் தேட வேண்டியதில்லை. மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து எண் நன்றாக ஏறும். 120-க்கு மேல் போகவில்லை. பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் நன்றாக இருந்ததால், நடுவில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டின் அடியில் கசிவை அடைக்கும் தகடு) போயிருக்கும் என்றும் தோன்றவில்லை. ஆகவே வால்வ்.

ராக்கர் கவரைத் திறந்தேன். என் என்ஜினில் வால்வ் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது, அதைக் கையால் வைக்க ஸ்க்ரூவும் லாக் நட்டும் உள்ள பழைய வகை டேப்பட். மேனுவலில் எக்ஸாஸ்ட் வால்வுக்கு, என்ஜின் குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ. இடைவெளி என்று இருக்கிறது. மூன்றாவது சிலிண்டரைக் கம்ப்ரஷன் டாப்பில் (பிஸ்டன் மேலே வந்து வால்வுகள் மூடியிருக்க வேண்டிய நிலை) நிறுத்தி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால், 0.05 தகடுகூட உள்ளே போகவில்லை. சூடேறி வால்வின் தண்டு நீளும்போது இருந்த கொஞ்ச இடமும் இல்லாமல் போய், வால்வ் முழுசாக மூட முடியாமல் நிற்கிறது. வேகத்தில் கசிவதற்கு நேரம் குறைவு, அதனால்தான் ஐட்லிங்கில் மட்டும் குலுக்கல். டேப்பட் என்றாலே சத்தம் வரும் என்று நினைக்கிறோம். இடைவெளி கூடினால்தான் சத்தம். குறைந்தால் என்ஜின் இன்னும் அமைதியாகிவிடும், ஆபத்து இந்தப் பக்கம்தான் அதிகம். வால்வ் சீட்டில் உட்காராவிட்டால் அதன் சூடு ஹெட்டுக்கு இறங்காது, விளிம்பு எரிந்துபோகும்.

லாக் நட்டைத் தளர்த்தி, 0.30 தகடு லேசான இழுப்போடு நகரும் அளவுக்கு ஸ்க்ரூவைத் திருப்பினேன். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து நகரும், அதனால் அதைப் பிடித்துக்கொண்டு இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். மற்ற எக்ஸாஸ்ட் வால்வுகளும் சற்று இறுக்கமாகவே இருந்தன, அவற்றையும் சரிசெய்தேன். அப்புறம் கம்ப்ரஷன் பார்த்தபோது மூன்றாவது 165-க்கு வந்தது. வால்வ் எரிந்திருந்தால் இந்த எண் ஏறியிருக்காது, ஹெட்டை இறக்க வேண்டியிருந்திருக்கும்.

கோடை அழித்து ஓட்டினேன், திரும்ப வரவில்லை. சூடான ஐட்லிங்கிலும் குலுக்கல் இல்லை. சில மாதம் ஓட்டிய பிறகு கவரைத் திறந்து மறுபடி அளந்தேன். இடைவெளி சீக்கிரமே குறைந்துகொண்டு போனால் வால்வ் சீட் தேய்கிறது என்று அர்த்தம், டேப்பட் செட்டிங் அதற்கு மருந்தாகாது. 0.30 தகடு அதே இழுப்போடு நுழைந்தது.