/எட்சி கோப்புறைக்கு ஒரு பதிவேடு: மட்டக்களப்பு நாட்குறிப்பு

2025 ஒக்டோபர் 7, செவ்வாய்

மாரி தொடங்க முன்னம் கூரையையும் வடிகானையும் பார்ப்பது போல சேர்வரையும் ஒருதரம் பார்த்துவிட வேண்டும். இந்த மாதம் எடுத்துக்கொண்டது /எட்சி கோப்புறை, அதாவது லினக்ஸ் இயந்திரத்தின் அமைப்புக் கோப்புகள் (கொன்ஃபிக்) இருக்கும் இடம். வலை முகவரி, பயனர் பட்டியல், பகிர்வு உரிமை, கதவு எண் (போர்ட்) எல்லாம் அங்கே வெறும் எழுத்துக் கோப்புகளாகத்தான் கிடக்கின்றன. வேலைக்குரிய இயந்திரங்கள்: நகருக்குள் உபுண்டு 24.04 ஓடும் ஒரு சம்பா (கோப்புப் பகிர்வு) சேர்வர், கல்லடியில் டெபியன் 12 ஓடும் ஒரு என்ஜினெக்ஸ் (இணையத்தள) சேர்வர், இரண்டு இடத்திலும் ஒவ்வொரு மைக்ரோட்டிக் ரவுட்டர்.

முதல் வேலை துப்புரவு. ‘.பேக்’, ‘.ஓல்ட்’, ‘.நல்லது2’ என்று முடியும் நகல்களை எல்லாம் ஃபைண்ட் கட்டளையால் தேடிப் பட்டியல் எடுக்க வேண்டும். இவை இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை. என்ஜினெக்ஸின் ‘சைட்ஸ்-எனேபிள்ட்’ கோப்புறையில் எந்தப் பெயரில் கோப்பு கிடந்தாலும் அது வாசிக்கப்படும், ஏனென்றால் தாய்க் கோப்பில் உள்ள இன்க்ளூட் வரி நட்சத்திரக் குறியில் முடிகிறது. ‘டிஃபோல்ட்.பேக்’ என்று வைத்த நகல் இரண்டாவது தளமாக எழும்பி, ஒரே கதவில் இரண்டு டிஃபோல்ட் சேர்வர் என்று பிழை காட்டும். யார் நிர்வாகி உரிமையில் (சூடோ) கட்டளை ஓட்டலாம் என்று சொல்லும் ‘சூடோயர்ஸ்.டி’யில் நிலைமை நேர்மாறு: பெயரில் புள்ளி இருந்தால் அந்தக் கோப்பு கணக்கிலேயே எடுக்கப்படாது. ஒரே பழக்கம், இரண்டு இடத்தில் இரண்டு விளைவு.

துப்புரவு முடிந்த பிறகுதான் ‘சூடோ ஏப்ட் இன்ஸ்டோல் எட்சிகீப்பர்’. ஜோயி ஹெஸ் எழுதிய இந்தக் கருவி /எட்சியை, கோப்புகளின் பழைய பதிப்புகளை நினைவில் வைக்கும் கிட் என்ற மென்பொருளின் களஞ்சியமாக்கி, முதல் கொமிட்டையும் (பதிவையும்) தானே போட்டுவிடும். ‘.கிட்’ கோப்புறையின் உரிமை 0700, அதாவது உரிமையாளருக்கு மட்டும், என்று வரவேண்டும். ‘எல்எஸ் -எல்டி’ போட்டுக் கண்ணால் பார்த்து உறுதி செய்வது நல்லது. உள்ளே கடவுச்சொற் கோப்பும் இருக்கிறது.

2025 ஒக்டோபர் 8, புதன்

வெறும் ‘கிட் இனிட்’ போதாதா, எட்சிகீப்பர் எதற்கு? உரிமைகளுக்காகத்தான். ஒரு கோப்பு இயக்கக்கூடியதா இல்லையா என்பதை மட்டும் கிட் நினைவில் வைக்கும். உரிமையாளர் யார், குழு எது, 0640 ஆ (குழுவும் வாசிக்கலாம்) 0600 ஆ (உரிமையாளர் மட்டும்) என்பது ஒன்றும் அதற்குத் தெரியாது. வெறுமையான கோப்புறையையும் அது பதியாது. எட்சிகீப்பர் ஒவ்வொரு கொமிட்டுக்கும் முன் ‘.எட்சிகீப்பர்’ என்ற கோப்பில் இந்த விபரங்களை எழுதுகிறது. திறந்து பார்த்தால் ‘மேபீ சிஎச்மொட் 0640 ஷேடோ’ போன்ற வரிகள் நிரையாக இருக்கும்.

ஆனால் எழுதிவைப்பது ஒன்று, திரும்பப் போடுவது வேறொன்று. பழைய பதிப்பை ‘கிட் செக்அவுட்’ மூலம் எடுத்தால் கிட் பழைய கோப்பை அகற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. புதிய கோப்பின் உரிமையைக் கட்டுப்படுத்தும் யூமாஸ்க் 022 ஆக இருந்தால் அது ரூட் (தலைமை நிர்வாகி) பெயரில், எல்லோரும் வாசிக்கக்கூடிய 0644 ஆக வந்து உட்காரும். ‘ஷேடோ’ கோப்பு அப்படி வந்தால் கடவுச்சொல் ஹாஷ்களை (கடவுச்சொல்லின் மறைவடிவங்களை) எந்தப் பயனரும் வாசிக்கலாம். தூரத்திலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் வழியில் சேர்வரை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் சாவி அப்படி வந்தால், அதன் சேவையான எஸ்எஸ்எச்டி அந்தச் சாவியை ஏற்க மறுக்கும். எல்லாச் சாவியும் அப்படிப் போனால் சேவையே எழும்பாது. வலையமைப்பை அமைக்கும் நெட்பிளானின் கோப்பு அப்படி வந்தால் உரிமை மிகவும் திறந்திருக்கிறது என்று எச்சரிக்கும், வைஃபை கடவுச்சொல் அதற்குள் இருக்கக்கூடும் என்பதால்.

பாதுகாப்பான வழி: கோப்பு அதே இடத்தில் இருக்கும்போது, ‘சூடோ கிட் ஷோ’ மூலம் பழைய உள்ளடக்கத்தை மட்டும் எடுத்து, குழாய்க்குறி போட்டு ‘சூடோ டீ’க்குக் கொடுத்து அதே கோப்பின் மேல் எழுதுவது. கோப்பு மாறுவதில்லை, உள்ளே உள்ளது மட்டும் மாறும். உரிமை அப்படியே நிற்கும். டீக்குப் பதிலாக ‘>’ குறி போட்டால் சூடோ இருந்தும் அனுமதி இல்லை என்று வரும், அந்தக் குறியைக் கையாள்வது சாதாரணப் பயனரின் ஷெல் (கட்டளையை ஏற்கும் நிரல்) என்பதால். செக்அவுட் செய்தேயாக வேண்டுமென்றால் முதலில் யூமாஸ்க் 077, பிறகு செக்அவுட், உடனே ‘எட்சிகீப்பர் இனிட்’. இந்தக் கடைசிக் கட்டளைதான் எழுதிவைத்த உரிமைகளைத் திரும்பப் பூட்டுகிறது. பதியாத மாற்றங்களை அழித்துவிடும் ‘ரீசெட் --ஹார்ட்’ என்பதை /எட்சிக்குள் எக்காரணம் கொண்டும் போடக்கூடாது.

2025 ஒக்டோபர் 10, வெள்ளி

காத்தான்குடிப் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். பாவனையாளர் இல்லாத அந்த இடைவெளி கொன்ஃபிக் மாற்றத்துக்கு நல்ல நேரம். ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும்.

கைவைக்க முதல், பதியாமல் கிடக்கும் மாற்றங்களைக் காட்டும் ‘எட்சிகீப்பர் விசிஎஸ் ஸ்டேட்டஸ்’. வேறு யாரோ விட்டுப்போன மாற்றம் இருந்தால் அதைத் தனியாக கொமிட் செய்து ஒதுக்கிவிட வேண்டும். பிறகு மாற்றம். பிறகு ‘விசிஎஸ் டிஃப்’ பார்த்து, நினைத்த வரிகள் மட்டும்தான் மாறியிருக்கின்றனவா என்று வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தந்தச் சேவையின் பரிசோதனைக் கட்டளை: என்ஜினெக்ஸுக்கு ‘என்ஜினெக்ஸ் -டி’, எஸ்எஸ்எச்சுக்கு ‘எஸ்எஸ்எச்டி -டி’, சம்பாவுக்கு ‘டெஸ்ட்பார்ம்’, வட்டுகளை இணைக்கும் பட்டியலான எஃப்எஸ்டாபுக்கு ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’, சூடோவுக்கு ‘விசூடோ -சி’. வலையமைப்புக்கு ‘நெட்பிளான் டிரை’: 120 செக்கனுக்குள் என்டர் அழுத்தி உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பும். வாழைச்சேனை போன்ற தூர ஊரில் ஒரு சேர்வர் இருந்து, அதை மட்டக்களப்பில் இருந்து மாற்றினால் இந்த 120 செக்கன் ஒரு பஸ் பயணத்தை மிச்சப்படுத்தும்.

சேவையை ரீலோட் செய்து, வேலை செய்வதைக் கண்ட பிறகே கொமிட். வேலை செய்யாத நிலையைப் பதிந்து வைத்தால் பிறகு எந்தப் பதிப்பு நல்லது என்று தேட வேண்டி வரும்.

கொமிட் செய்தியில் என்ன மாறியது என்று எழுத வேண்டியதில்லை, அதை டிஃப் சொல்லும். ஏன் மாறியது என்பதை மட்டும் எழுத வேண்டும். சம்பாவின் கோப்புக்கு ‘எஸ்எம்பி.கொன்ஃப் மாற்றம்’ என்ற வரி யாருக்கும் உதவாது. ‘கணக்குப் பிரிவின் பழைய ஸ்கேனர் எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறையில் மட்டும் பேசும், ஸ்கேனர் மாற்றியதும் இதை நீக்க வேண்டும்’ என்று எழுதினால் இரண்டு வருடம் கழித்தும் உதவும். தமிழிலேயே எழுதலாம், கிட் யூனிகோடைத் தாங்கும். இரண்டு விஷயம் கவனிக்க: மொழியைச் சொல்லும் லாங் மாறி ‘சி’ என்று இருந்தால், பதிவைத் திரையில் காட்டும் லெஸ் நிரல் தமிழெழுத்துக்குப் பதில் கோண அடைப்புக்குள் குறியீடுகளைக் காட்டும், ‘சி.யூடிஎஃப்-8’ ஆக்கினால் சரி. இயந்திரத்தின் முன்னால் நேரே திரை பூட்டிப் பார்க்கும் கறுப்புக் கொன்சோலில் தமிழ் தெரியவே தெரியாது. வலை அறுந்த நேரத்தில் அந்தத் திரைதான் கிடைக்கும் என்பதால், முதல் வரியில் சேவையின் பெயரையும் திகதியையும் ஆங்கில எழுத்தில் போட்டு, விளக்கத்தைக் கீழே தமிழில் எழுதுவது புத்தி.

2025 ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்று இரகசியங்கள். உரிமையை மறக்கும் கிட், கடவுச்சொல்லை மறக்கவே மறக்காது. ஒருதரம் கொமிட் ஆன கோப்பை அழித்தாலும் வரலாற்றில் அது இருக்கும்.

/எட்சிக்குள் பொதுவாகக் கிடப்பவை: ஷேடோ, எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகள், ‘எஸ்எஸ்எல்/பிரைவேட்’ (தளச் சான்றிதழின் சாவிகள்), இணைய இணைப்புக்கான பிபிபியின் ‘சாப்-சீக்ரெட்ஸ்’, யுபிஎஸ் (மின் காப்புக் கருவி) மென்பொருளின் பயனர் கோப்பு, இலவசத் தளச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் கோப்புறை. கடைசியாகச் சொன்னது தனிக் கவனம் கேட்கும். 90 நாள் சான்றிதழ் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிய சாவி ஒன்று ‘ஆர்க்கைவ்’ கோப்புறையில் சேர்கிறது, எல்லாம் வரலாற்றில் குவியும். ‘ரினியூவல்’ (புதுப்பித்தல் அமைப்பு) கோப்புறையை வைத்துக்கொண்டு ‘ஆர்க்கைவ்’வை விலக்கிவிடலாம். சான்றிதழை எப்போதும் புதிதாகப் பெறலாம்.

விலக்க வேண்டிய பெயர்களை ‘.கிட்இக்னோர்’ கோப்பில் எழுத வேண்டும். அதில் எட்சிகீப்பர் தானே பராமரிக்கும் ஒரு பகுதி குறியிட்டிருக்கும். நமது வரிகள் அதற்கு வெளியே வரவேண்டும், உள்ளே எழுதினால் அடுத்த முறை அழிந்துபோகும். ஏற்கெனவே பதிவான கோப்பை இந்தப் பட்டியல் தடுக்காது. அதற்கு ‘கிட் ஆர்எம் --காஷ்ட்’ தேவை. ‘--காஷ்ட்’ விடுபட்டால் கிட் உண்மையான கோப்பையே வட்டில் இருந்து அழித்துவிடும். இந்தக் கட்டளையை அடித்த பிறகு என்டர் தட்ட முதல் ஒருதரம் வாசிப்பது கட்டாயம்.

இரகசியம் வெளிச் சேர்வருக்குப் போய்விட்டால் வரலாற்றைக் கழுவுவது இரண்டாம் வேலை. முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது.

2025 ஒக்டோபர் 17, வெள்ளி

மென்பொருள் பொதிகளை நிறுவும் ஏப்ட் ஓடும்போது எட்சிகீப்பர் இரண்டு தரம் விழித்துக்கொள்கிறது: பொதி நிறுவ முன் மிச்ச மாற்றங்களைப் பதியும், நிறுவிய பின் பொதி செய்த மாற்றங்களைப் பதியும். ஆகவே நமது மாற்றமும் பொதியின் மாற்றமும் கலப்பதில்லை.

அப்டேட்டின்போது ‘உங்கள் கோப்பை வைப்பதா, புதியதை எடுப்பதா’ என்று, ஏப்ட்டின் கீழ் வேலை செய்யும் டிபிகேஜி கேட்கும். அவசரத்தில் என்டர் தட்டினால் நமது கோப்பு நிற்கும், புதியது ‘.டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற வாலுடன் பக்கத்தில் கிடக்கும். எட்சிகீப்பர் இந்த வாலுள்ள கோப்புகளைப் பதியாது, அதனால் கிட் ஸ்டேட்டஸில் தெரியாது. அப்டேட் முடிந்ததும் ஃபைண்ட் போட்டுத் தேடி, டிஃப் பார்த்து, வேண்டியதைச் சேர்க்க வேண்டும்.

இந்தக் கேள்வியே வராமல் இருக்க நல்ல வழி, பொதி தந்த கோப்பைத் தொடாமல் ‘.டி’ என்று முடியும் கோப்புறையில் நமது சிறு கோப்பை வைப்பது. ஆனால் யார் சொல் செல்லும் என்பது சேவைக்குச் சேவை வேறுபடும். கேர்னல் அமைப்புகளுக்கான சிஸ்சிடிஎல்லில் கடைசியாக வாசிக்கப்படும் வரி வெல்லும். எஸ்எஸ்எச்டியில் முதலில் வாசிக்கப்படும் வரி வெல்லும். வாடகைச் சேர்வர்களில் வரும் கிளவுட் உபுண்டுவில் ‘50-கிளவுட்-இனிட்’ கோப்பு கடவுச்சொல் நுழைவை அனுமதித்திருந்தால், ‘60-லோக்கல்’ கோப்பில் தடுத்துப் பயனில்லை. ‘10-லோக்கல்’ என்று பெயர் வைக்க வேண்டும். நிச்சயம் செய்ய ‘எஸ்எஸ்எச்டி’யைப் பெரிய எழுத்து ‘-டி’யுடன் ஓட்டினால் இறுதியில் செல்லுபடியாகும் மதிப்புகளைக் காட்டும். சின்ன எழுத்து, கோப்பு செல்லுமா, சாவிகள் சரியா என்று மட்டும் பார்க்கும்.

2025 ஒக்டோபர் 23, வியாழன்

இடி மின்னல் காலம். கரண்ட் சடாரென்று போய் யுபிஎஸ் பற்றரியும் கைவிட்டால் கிட் களஞ்சியம் உடையக்கூடும். கொமிட் செய்த கையோடு மின் போனால் பதிவுகள் கிடக்கும் ‘.கிட்/ஒப்ஜெக்ட்ஸ்’ உள்ளே பூச்சிய அளவுக் கோப்புகள் மிஞ்சும். அடுத்த கட்டளைக்கு ‘ஒப்ஜெக்ட் கோப்பு வெறுமை’ என்று பிழை வரும். காரணம், கிட் தனித்தனி ஒப்ஜெக்ட்களை இயல்பாக வட்டுக்கு அழுத்தி எழுதுவதில்லை. கிட் 2.36 இலிருந்து ‘கோர்.எஃப்சிங்க்’ என்ற அமைப்பு இருக்கிறது, அதை ‘ஓல்’ ஆக்கினால் எழுதுவதை உறுதி செய்த பிறகே கட்டளை முடியும். /எட்சி போன்ற சிறு களஞ்சியத்தில் வேகக் குறைவு உணரப்படாது.

உடைந்தால் முதலில் ‘.கிட்’ முழுவதையும் வேறிடத்துக்கு நகல் எடுக்க வேண்டும். பிறகு வெறுமையான ஒப்ஜெக்ட்களை அழித்து, வெளிநகலில் (வேறு இயந்திரத்தில் உள்ள களஞ்சிய நகலில்) இருந்து ஃபெட்ச் செய்து, ‘கிட் எஃப்எஸ்கே --ஃபுல்’ போட்டுச் சரிபார்க்க வேண்டும். கடைசி கொமிட்டே போயிருந்தால் ‘லொக்ஸ்/ஹெட்’ கோப்பின் வாலில் அதற்கு முந்திய கொமிட்டின் எண் இருக்கும். ‘அப்டேட்-ரெஃப்’ மூலம் கிளையை அங்கே திருப்பி, சாதாரண ‘கிட் ரீசெட்’ போட்டுப் புதிதாக கொமிட் செய்யலாம். /எட்சியின் கோப்புகளுக்கு இதில் ஒன்றும் ஆகாது, போவது பதிவேட்டின் கடைசிப் பக்கம் மட்டும்.

வெளிநகலுக்கு எட்சிகீப்பரின் கொன்ஃபிக்கில் ‘புஷ்_ரிமோட்’ வரியில் ஒரிஜின் (வெளிநகலின் வழமையான பெயர்) என்று எழுதினால் ஒவ்வொரு கொமிட்டும் தானே போய்ச் சேரும். லைன் இல்லாத நேரம் ஏப்ட் கூட இதற்காகக் காத்துக் கிடக்கும். ரூட்டின் எஸ்எஸ்எச் கொன்ஃபிக்கில் ‘கனெக்ட்டைம்அவுட் 10’ போட்டால் 10 செக்கனில் விட்டுவிடும். வாங்கும் பக்கத்தில் 0700 உரிமையுள்ள பெயார் களஞ்சியம் (வரலாறு மட்டும் உள்ளது), இயந்திரத்துக்கு ஒன்று. அதில் ‘டினைடிலீட்ஸ்’, ‘டினைநான்ஃபாஸ்ட்ஃபோர்வர்ட்ஸ்’ இரண்டையும் ட்ரூ ஆக்கினால், திருடன் சேர்வருக்குள் புகுந்தாலும் அங்கிருந்து தள்ளி வரலாற்றை அழிக்க முடியாது. தாழ்ந்த நிலத்தில் சேர்வர் இருந்தால் நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும். ஒரே வெள்ளம் இரண்டையும் நனைக்கக் கூடாது.

2025 ஒக்டோபர் 28, செவ்வாய்

/எட்சிக்கு வெளியே நிற்பவை. குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகளை ‘குரொன்டாப் -இ’ மூலம் எழுதினால் அவை ‘/வார்/ஸ்பூல்/குரொன்’ உள்ளே போகின்றன, எட்சிகீப்பர் அவற்றைக் காணாது. ‘குரொன்.டி’க்கு மாற்றலாம்: நேரத்துக்குப் பிறகு பயனர் பெயர் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும், கோப்பின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது, கடைசி வரி புதுவரிக் குறியோடு முடிய வேண்டும். மூன்றில் ஒன்று பிழையானாலும் அந்த வேலை ஓடாது. சம்பா கடவுச்சொற்களும் ‘/வார்/லிப்’ பக்கம்தான். அவற்றுக்குச் சாதாரண பேக்கப்.

மைக்ரோட்டிக்கில் ‘பேக்கப்’ கட்டளை தருவது பைனரிக் கோப்பு, ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. ‘எக்ஸ்போர்ட்’ தருவது எழுத்து, அதுதான் கிட்டுக்கு ஏற்றது. முதல் வரியில் எடுத்த நேரம் இருப்பதால் ஒன்றும் மாறாத நாளிலும் மாற்றம் போலத் தெரியும். அந்த வரியை வெட்டிவிட்டுப் பதிய வேண்டும். மைக்ரோட்டிக்கின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7 இல் கடவுச்சொற்கள் எக்ஸ்போர்ட்டில் இயல்பாக வராது. இங்கே அது நல்லது, ஆனால் மீட்கும்போது கையால் போட வேண்டும்.

2025 நவம்பர் 4, செவ்வாய்

மீட்டுப் பார்த்தல், ஒரு மெய்நிகர் இயந்திரத்தில். புதிதாக உபுண்டு நிறுவி, பழைய களஞ்சியத்தை /எட்சியின் மேல் கொட்டக் கூடாது. ரூட் வீட்டுக்குள் தனிக் கோப்புறையில் குளோன் எடுத்து, ‘டிஃப் -ஆர்’ மூலம் ஒப்பிட்டுத் துண்டு துண்டாகக் கொண்டுவர வேண்டும். எஃப்எஸ்டாப் வரக் கூடாது: பழைய வட்டின் யூயூஐடி (அடையாள எண்) புதிய வட்டில் இல்லை, இயந்திரம் அவசர நிலையில் நின்றுவிடும். இயந்திரத்துக்கு இயந்திரம் வேறான மெஷின்-ஐடி எண்ணும் வரக் கூடாது. நெட்பிளானில் வலை அட்டையின் பெயர் மாறியிருக்கும். பாஸ்வேர்ட், குரூப், ஷேடோ, ஜிஷேடோ என்ற பயனர், குழுக் கோப்புகள் நான்கிலும் பயனர் எண் 1000 இலிருந்து தொடங்கும் மனிதப் பயனர்களின் வரிகளை மட்டும் எடுக்க வேண்டும், கீழே உள்ள சேவைக் கணக்குகளின் எண்கள் புது நிறுவலில் வேறாக இருக்கலாம். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளைக் கொண்டுவந்தால் இணைபவர்களுக்கு ‘சாவி மாறிவிட்டது’ என்ற எச்சரிக்கை வராது, உரிமை 0600 என்று பார்த்தபின் சேவையை மீளத் தொடங்கலாம்.

இந்த ஒத்திகை ஒரு ஓட்டையைக் காட்டித் தரும். வெளிநகலைத் திறக்கும் எஸ்எஸ்எச் சாவி ரூட்டின் வீட்டுக்குள் இருக்கிறது, /எட்சிக்குள் இல்லை. வட்டு செத்தால் சாவியும் போகும். ஆகவே வாசிக்க மட்டும் அனுமதியுள்ள இரண்டாவது சாவி ஒன்றை, கடவுச்சொற்றொடர் போட்டு, பென்டிரைவில் எடுத்து, நகல் இருக்கும் முகவரியைக் கடதாசியில் எழுதி, இரண்டையும் சேர்வர் இல்லாத கட்டடத்தில், தரையில் இருந்து உயரமான அலுமாரித் தட்டில் வைக்க வேண்டும்.