அடித்த உளியும் அதன் பதமும்

கையால் அடித்துச் செய்த உளி என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது சம்மட்டிதான். விற்பவர்களும் இதைத் தெரிந்துகொண்டு, கருவியின் உடம்பில் அடித் தழும்புகளைத் துடைக்காமல் விட்டு, அதையே கைத்திறனின் முத்திரையாகக் காட்டுகிறார்கள். உலையில் அடித்த கருவிகளையும் ஆலையில் செய்த கருவிகளையும் மரத்தில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. சம்மட்டி உளிக்கு உருவம் தருகிறது. அது மரத்தை வெட்டும் விதத்தைத் தீர்மானிப்பது நெருப்பும், அந்த நெருப்பிலிருந்து எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்த கொல்லரின் கண்ணும்தான்.

உளி, இழைப்புளித் தகடு, வாய்ச்சி, கோடாரி போன்றவற்றின் வெட்டுவாய்க்கு உகந்த எஃகில் கரிமம் (கார்பன்) ஏறத்தாழ 0.7 முதல் 1.3 விழுக்காடு வரை இருக்கும். அதற்கு மிகவும் குறைந்தால் எத்தனை முறை காய்ச்சி நீரில் தோய்த்தாலும் வாய் கெட்டிப்படாது. 2 விழுக்காட்டைத் தாண்டினாலோ அது வார்ப்பிரும்பாகிவிடும், சம்மட்டிக்கு வளையாமல் நொறுங்கும். இந்தக் கரிமத்தைக் காப்பதுதான் உலையில் நடக்கும் வேலையின் பெரும்பகுதி. எஃகு ஒவ்வொரு முறை தணலுக்குள் போய் வரும்போதும் மேற்பரப்பில் உள்ள கரிமத்தில் கொஞ்சம் எரிந்து போகிறது. இரும்பும் செதில் செதிலாக உதிர்கிறது. சூடு மிகுந்தால் உள்ளே இருக்கும் படிக நுண்மணிகள் பெருத்துப் பெருத்துக் கரடாகின்றன. ஆகவே தேர்ந்த கொல்லர் குறைந்த காய்ச்சலில் வேலையை முடிக்கப் பார்ப்பார். கற்றுக்கொள்பவர் இதற்கு நேர்மாறாக, அடிக்க எளிதாக இருக்கிறது என்று மஞ்சள் நிறம் தாண்டும்வரை காய்ச்சுவார். எஃகிலிருந்து வெள்ளைப் பொறிகள் சிதறத் தொடங்கிவிட்டால் அது எரிகிறது என்று பொருள்; அந்தப் பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

குளிர்ந்துகொண்டிருக்கும் எஃகின் வாயை மெல்லத் தட்டித் தட்டி ‘நெருக்கினால்’ அது உறுதிப்படும் என்றொரு நம்பிக்கை கொல்லர்களிடையே உலகெங்கும் உண்டு. தோய்ப்பதற்காக மீண்டும் சிவக்கக் காய்ச்சும்போது எஃகின் உள்ளமைப்பு முழுவதும் புதிதாக உருவாகிவிடுவதால், அந்தத் தட்டலின் விளைவு அங்கேயே அழிந்துபோகிறது. ஆனாலும் அப்படித் தட்டியவர்களின் கருவிகள் நன்றாக வெட்டியிருக்கின்றன. கடைசிக் காய்ச்சல்களைக் குறைந்த சூட்டில் நடத்தியதால் மணிகள் பெருக்காமல் இருந்ததே அதற்குக் காரணம் என்பது என் ஊகம். அடித்து முடித்த துண்டை இளஞ்சிவப்பாகக் காய்ச்சி அசையாத காற்றில் ஆறவிடுவதை இரண்டு மூன்று முறை செய்தாலே மணிகள் பொடிந்துவிடும். சோதனைக்காகத் தோய்த்த ஒரு துண்டை உடைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: சரியாகக் கையாண்ட எஃகின் முறிவு பட்டுத்துணி போல மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும், சூடு மீறிய எஃகின் முறிவு கரடுமுரடாக மின்னும்.

பழைய கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இரட்டை உலோக அமைப்பு. உடம்பு முழுவதும் மெல்லிரும்பு அல்லது தேனிரும்பு, அதாவது கரிமம் மிகக் குறைந்த, எளிதில் வளையும் இரும்பு. வெட்டும் வாயில் மட்டும் எஃகுத் தகடு. எஃகு அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலத்துச் சிக்கனம் இது. ஐரோப்பாவில் தேனிரும்புப் பாளங்களைக் கரித்தூளில் புதைத்து நாட்கணக்கில் காய்ச்சித்தான் கரிமம் ஏற்றினார்கள். அப்படிச் செய்த எஃகில் கரிமம் எங்கும் ஒரே அளவாக இராது. கடிகாரம் செய்பவரான பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், சுருள்வில்லுக்கு நல்ல எஃகு வேண்டும் என்று முயன்று, 1740களில் ஷெஃபீல்டு பகுதியில் எஃகை மூசையில் (உலோகம் உருக்கும் மண்குடுவையில்) உருக்கி ஒரே சீராக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு, அந்த வார்ப்பு எஃகு உளிகளிலும் இழைப்புளித் தகடுகளிலும் பெருமையாகப் பொறிக்கப்பட்டது. அப்போதும் உடம்பு தேனிரும்பாகவே நீடித்தது. எஃகு மலிந்த பிறகும் இந்த முறையைக் கைவிடாதவர்கள் ஜப்பானியக் கொல்லர்கள். 1876இல் பொது இடங்களில் வாள் தரிப்பது அங்கே தடை செய்யப்பட்டதும், வாள் செய்த குடும்பங்களில் பல தச்சுக் கருவிகள் பக்கம் திரும்பின. இழைப்புளித் தகடுகளால் பெயர் பெற்ற சியோசுரு கொரேஹிதே அத்தகைய வாள்கொல்லர் மரபில் வந்தவர்தான்.

இரண்டையும் ஒட்டுவது எளிதாகத் தோன்றும், எளிதல்ல. இரும்பைக் காய்ச்சி, மேலே வெங்காரம் கலந்த தூளைத் தூவி, எஃகுத் துண்டை வைத்து மீண்டும் காய்ச்சுகிறார்கள். வெங்காரம் உருகிக் கண்ணாடிப் பாகாகப் படர்ந்து, செதில் உருவாகாமல் இரு பரப்புகளையும் மூடிக் காக்கிறது. ஒட்டும் சூடு வந்ததும் வெளியே எடுத்து அடிக்கும் முதல் அடிகள் பலமாக இருக்க வேண்டியதில்லை. விரைவாகவும், நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவதாகவும் இருந்தால் போதும், இடையில் இருக்கும் பாகு பிதுங்கி வெளியேறிவிடும். சூடு குறைந்தால் ஒட்டாது. கூடினால் எஃகின் கரிமம் இரும்புக்குள் பரவி இரண்டும் கெட்டுப்போகும்.

அப்படி ஒட்டிய உளியைச் சாணைக்கல்லில் வைத்துத் தேய்க்கும்போது சரிவான முகத்தில் ஒரு கோடு எழுகிறது. கோட்டுக்கு மேலே இரும்பு பனி படர்ந்தது போல் மங்கி நிற்க, கீழே எஃகு முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும். கல் தின்பதில் பெரும்பங்கு மெல்லிரும்பு என்பதால், மிகக் கெட்டியான எஃகானாலும் தீட்டுவது அலுப்பாக இராது. ஜப்பானியத் தகடுகளின் முதுகு நடுவில் குழிந்திருப்பதும் இதற்காகவே. சமப்படுத்த வேண்டியது விளிம்பை மட்டும்தான். தீட்டித் தீட்டி அந்த விளிம்பு தேய்ந்துவிட்டால், தச்சர் ஒரு சிறு சுத்தியலால் சரிவு முகத்தின் மெல்லிரும்புப் பகுதியில் மட்டும் தட்டி, எஃகை முதுகுப் பக்கமாகத் துளி தள்ளிவிடுவார். ஒரு தட்டு எஃகில் விழுந்தால் வாய் விண்டுவிடும். முழுவதும் எஃகாலான தகட்டில் இந்த வேலையை நினைத்தும் பார்க்க முடியாது.

உருவத்தைப் பொறுத்தவரை சம்மட்டிக்கு உரிய பெருமையை மறுக்கவில்லை. அடித்து நீட்டும்போது தடிமனை விரும்பிய இடத்தில் வைக்கவும் விரும்பாத இடத்தில் குறைக்கவும் முடியும்; எனவே பழைய உளிகள் கைப்பிடி அருகே தடித்தும் வாய்ப்பக்கம் மெலிந்தும் இருக்கின்றன. கையில் எடுத்தால் எடை பிடியின் பக்கம் நிற்கும், நுனி சொன்னபடி திரும்பும். ஒரே தடிமனான பட்டையிலிருந்து கடைந்த உளிகள் பலவற்றில் அந்தச் சமநிலை இல்லை. கோடாரியில் காம்புத் துளையைக் குடையாமல், வெட்டாமல், சூட்டில் குத்தித் துளைத்து விரிப்பதும் இதே சிக்கனம்தான். 1936இல் ஸ்வீடனின் காட்லாந்து தீவில் மாஸ்டர்மிர் என்ற இடத்தில் உழும்போது கிடைத்த வைக்கிங் காலக் கருவிப் பெட்டியில் கோடாரிகள், வாய்ச்சிகள், ரம்பங்கள், கரண்டிவாய்த் துளைப்பான்கள் எல்லாம் இருந்தன; அவற்றைப் பார்க்கும் இன்றைய தச்சருக்கு எது எதற்கு என்று விளக்கம் தேவைப்படாது.

இனி தோய்ச்சல். நாட்கணக்கான உழைப்பு நிற்பதும் கெடுவதும் அந்தச் சில நொடிகளில்தான். கொல்லுலை மங்கலான இடத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு: எஃகின் சிவப்பை நிழலில்தான் சரியாக மதிப்பிட முடியும். வெயிலில் அதே சூடு கறுத்துத் தெரிவதால் மேலும் காய்ச்சிவிடுவோம். சுமார் 770 பாகை செல்சியசில் எஃகு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்துகிறது. அதற்குச் சற்று மேலேதான் தோய்க்கும் சூடு. காந்தம் வைத்துப் பார்க்காதவர்கள் நிழலைப் பார்க்கிறார்கள். காயும் எஃகின் உள்ளமைப்பு மாறும் கட்டத்தில் அது சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், சிவப்பின் நடுவே ஒரு கருநிழல் தோன்றி மெல்ல நகர்ந்து மறையும். அது மறைந்து சிவப்பு சீரானதும் எடுத்து நீரில் செங்குத்தாக இறக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் ஒருபுறம் முந்திக் குளிர்ந்து தகடு முறுக்கிக்கொள்ளும். அசைக்காமல் விட்டால் நீராவி உறையாகச் சூழ்ந்து குளிர்ச்சியைத் தடுக்கும். ஆகவே மேலும் கீழுமாக ஆட்டுகிறார்கள். உப்பு நீர் அந்த உறையை உடைத்து இன்னும் விரைவாகக் குளிர்விக்கும். எண்ணெய் மெதுவாகக் குளிர்வித்து விரிசல் அபாயத்தைக் குறைக்கும். தொட்டிக்குள்ளிருந்து ‘டிங்’ என்று மெல்லிய ஒலி வந்தால் தகடு வெடித்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை.

தோய்த்த நிலையில் எஃகு கண்ணாடியைப் போல் நொறுங்கும், எனவே சற்று இளக்க வேண்டும். பழைய வழக்கப்படி உளியின் வாயை மட்டும் நீரில் முக்கி எடுத்து, ஒரு கல் துண்டால் செதிலைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். உடம்பில் மிஞ்சிய சூடு வாயை நோக்கி ஓடும்போது அந்தப் பளபளப்பில் நிறங்கள் வரிசையாக ஊர்ந்து வரும்: முன்னால் 220 பாகையளவில் வெளிர் வைக்கோல் நிறம், அதன் பின்னே பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம். உளிக்கு வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் முழுவதையும் நீரில் அமிழ்த்த வேண்டும். அதிர்ச்சி தாங்க வேண்டிய கோடாரிக்கு ஊதா வரை விடலாம்.

இத்தனைக்கும் பிறகு, புதிதாக வாங்கிய அடித்த உளி முதல் சில தீட்டலில் ஏமாற்றலாம். மேற்பரப்பில் கரிமம் எரிந்த மெல்லிய படலம் வாயில் மிஞ்சியிருந்தால் அது சீக்கிரம் மழுங்கும்; சில முறை தீட்டி உள்ளே போனதும் உண்மையான எஃகு வெளிப்படும். முதல் நாளிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஆலைக் கருவிகள் மட்டம் என்று சொல்ல வரவில்லை. 5 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு காற்றிலேயே கெட்டிப்படும், அதிகம் வளையாது, நீண்ட நேரம் மழுங்காது. ஆனால் அதில் குரோமியமும் கரிமமும் சேர்ந்து உருவாகும் கெட்டித் துகள்கள் பெரியவை. தூய கரிம எஃகு ஏற்கும் மெல்லிய கூரை அது ஏற்பதில்லை, தீட்டவும் நேரம் எடுக்கும். மென்மரத்தின் குறுக்குவெட்டை இழைக்கும்போது இந்த வேறுபாடு உடனே தெரியும். கடின மரத்தில் கொட்டாப்புளியால் அடித்துத் துளை போடுவதே வேலை என்றால் ஆலை உளியையே நானும் எடுப்பேன்.

அடித்த கருவியோ ஆலைக் கருவியோ, விசைச் சாணையில் தீட்டும்போது கவனம் ஒன்றுதான். கொல்லர் வைக்கோல் நிறத்தில் நிறுத்திய பதத்தைச் சுழலும் சாணை இரண்டு நொடியில் நீலத்துக்குக் கொண்டுபோய்விடும், மெல்லிய நுனியில் சூடு போக இடமில்லாததால். நீலம் பட்ட இடம் மென்மையாகிவிட்டது. மேலே தேய்த்து நிறத்தை மட்டும் அழித்தால் பயனில்லை. நீலம் பரவிய அளவுக்கு வாயையே தேய்த்துப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும், அதுவும் அடிக்கடி நீரில் நனைத்து, விரல் தாங்கும் சூட்டைத் தாண்டாமல்.