இரண்டு சுற்று இறகு போதும்

இறகைத் தூண்டில் முள்ளின் கழுத்தில் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றாதீர்கள். ட்ரவுட் மீனுக்கு வெட் ஃபிளை, அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும், நீருக்குள் அமிழும் போலிப் பூச்சி கட்டப் பழக வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். கடைகளில் அட்டையில் குத்தி விற்கிறார்களே, அவற்றை எடுத்துப் பாருங்கள். நான்கைந்து சுற்று இறகு, தடித்த உடல், தலையில் ஒரு சொட்டு வார்னிஷ். பார்வைக்கு லட்சணமாக இருக்கும். ஆற்றில் இறக்கினால் துடைப்பக்கட்டை போல விறைத்துக்கொண்டு போகும். நீருக்குள் அசைய வேண்டிய பொருள் அது. அசைவதற்கு இடம் வேண்டாமா?

நான் இருப்பது வடக்கு இங்கிலாந்தில், வார்ஃப் ஆற்றங்கரையில் உள்ள ஆட்லி என்ற சிறு நகரத்தில். வார்ஃப், யூர், நிட், ஸ்வேல் என்று யார்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளில் ஓடும் ஆறுகள்தான் இந்த மென்னிறகு ஃபிளைகளின் பிறந்த வீடு. இங்கே இவற்றை ஸ்பைடர் என்பார்கள். தெற்கே ஹாம்ப்‌ஷயரில் டெஸ்ட், இட்சென் போன்ற ஆறுகள் சுண்ணப்பாறை ஊற்றுகளால் நிறைந்து, தெளிவாகவும் நிதானமாகவும் ஓடுபவை. அங்கே மீன் ஓரிடத்தில் நின்று, மேலே மிதந்து வரும் பூச்சியை ஆராய்ந்து பார்த்துத் தின்னும். அதனால் அங்கே விறைத்த சேவல் இறகு சுற்றிய, மிதக்கும் ஃபிளைகள் வளர்ந்தன. எங்கள் ஆறு அப்படியில்லை. மலையில் மழை பெய்தால் சில மணி நேரத்தில் நீர் ஏறிப் பழுப்பாகிவிடும். கற்களுக்கு இடையே உடைந்து, சுழித்து ஓடும். மீனுக்கு யோசிக்க அவகாசம் கிடையாது. நீருக்கடியிலிருந்து மேலேறி, மேல்தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரத் தவிக்கும் பூச்சியின் கால்களும் பாதி விரிந்த சிறகும் அதன் கண்ணில் ஒரு கணம் பட வேண்டும். மென்மையான இறகிழைகள் அந்தத் தவிப்பைக் காட்டுகின்றன. நீரோட்டம் தள்ளும்போது மடங்கும், விட்டால் விரியும்.

பழகத் தொடங்குகிறவர்களுக்கு பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச் என்ற ஃபிளை போதும். 14ஆம் எண் முள், ஆரஞ்சுப் பட்டு நூல், சாம்பல் பார்ட்ரிட்ஜின் முதுகிலிருந்து ஒரு பழுப்புப் புள்ளியிறகு. நம் ஊர்க் கௌதாரியின் உறவுக்காரப் பறவை அது. வேறெதுவும் வேண்டாம். பழைய ஆட்கள் பியர்சால்ஸ் காஸமர் பட்டைத்தான் பயன்படுத்தினார்கள். இப்போது அது எளிதில் அகப்படுவதில்லை. கிடைத்த மெல்லிய பட்டு நூலை எடுத்துக்கொள்ளுங்கள், பட்டாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். நைலானும் பாலியெஸ்டரும் நனைந்தால் அப்படியே இருக்கும். பட்டு நனையும்போது ஒளி ஊடுருவும். அடியிலிருக்கும் முள்ளின் கருமை மேலே தெரியும். பளீரென்ற ஆரஞ்சு, செம்பழுப்பாக மாறும். மீன் பார்ப்பது இந்த இரண்டாவது நிறத்தை. ஆகையால் மேசை விளக்கில் நிறத்தைத் தீர்மானிக்காமல், கட்டி முடித்ததை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் முக்கி, ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள்.

நூலில் தேன்மெழுகை இழுத்துத் தடவி, முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னால் தொடங்குங்கள். இறகின் அடித்தூவியை உருவி எறிந்துவிட்டு, மிஞ்சிய இழைகளை எதிர்ப்பக்கமாக நீவி, தண்டை அங்கேயே வைத்துக் கட்டிவிடுங்கள். இழையின் நீளம் முள்ளின் வளைவை எட்டினால் சரி, மிகவும் தாண்டக் கூடாது. பிறகு நூலைப் பக்கத்தில் பக்கமாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், முள்முனைக்கு நேர் மேலே வரும் வரை கொண்டுபோய், அதே ஒழுங்கில் திரும்பக் கொண்டுவாருங்கள். உடல் அவ்வளவுதான். பலர் இதை முள்ளின் வளைவு வரை நீட்டுகிறார்கள்; பழைய ஃபிளைகளின் குட்டையான உடலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறுத்தும். கடைசியாக இறகு நுனியைச் சிறு இடுக்கியில் பிடித்து இரண்டு சுற்று, நூலை அதன் ஊடே நெளித்துக் கொண்டுவந்து முடிச்சு. இரண்டு சுற்றும் அடர்த்தியாகத் தெரிந்தால், கட்டுவதற்கு முன்பே தண்டின் ஒரு பக்க இழைகளை உரித்துவிடலாம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். யார் கட்டியதையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். இழைகளுக்கு நடுவே வானம் தெரியாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் பிளேடை எடுத்து நீட்டுவார். அவர் கட்டியதை முதலில் பார்க்கிறவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார் என்றே நினைப்பார்கள். ஒரு பருவத்துக்கு அந்த ஃபிளைகளோடு ஆற்றுக்குப் போனவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஃபிளை வாட்டர்ஹென் ப்ளோவா. நம் குளங்களில் சிவந்த நெற்றியோடு நீந்துமே தாழைக்கோழி, அதே இனம்தான் இங்கும் உண்டு, வாட்டர்ஹென் என்பது அதைத்தான். அதன் இறக்கையின் உட்புறத்தில் புகைச்சாம்பல் நிறத்தில் சிறு இறகுகள் இருக்கும். மஞ்சள் பட்டில் அகழெலியின் ரோமத்தை ஒட்டிச் சுற்ற வேண்டும். ஒட்டுவது என்றால் தூசு படிந்ததுபோல, அவ்வளவுதான். மஞ்சள் உள்ளிருந்து தெரிய வேண்டும். ரோமம் கூடினால் நிறம் செத்துப்போகும். மார்ச், ஏப்ரலில் குளிர்ந்த நண்பகல்களில் இந்த ஆற்றில் எழும் கரும்பச்சை நிற மேஃபிளை என்ற நீர்ப்பூச்சியின் சாயலை இதைவிட நெருங்கிய ஒன்றை நான் பார்த்ததில்லை.

இவற்றை யாரும் ஒரு நாளில் கண்டுபிடிக்கவில்லை. எடின்பரோ வழக்கறிஞர் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857இலேயே கறுப்பு, சிவப்பு, சாம்பல் என மூன்று ஸ்பைடர்களைப் பரிந்துரைத்து, ஓட்டத்துக்கு எதிராக வீசிப் பிடிக்க வேண்டும் என்று வாதாடினார். அவர் இறகையும் நூலையும் சேர்த்து முறுக்கிச் சுற்றினார். மீனின் பல்லுக்கு இறகுத் தண்டு சீக்கிரம் அறுந்துபோகும் என்பதால். யார்க்‌ஷயரில் டி. இ. பிரிட் 1885இல் இந்தப் பள்ளத்தாக்குகளின் ஃபிளைகளைத் தொகுத்து அச்சேற்றினார். எட்மண்ட்ஸும் லீயும் 1916இல் ஒவ்வொன்றுக்கும் எந்தப் பறவையின் எந்த இடத்து இறகு, எந்த நிறப் பட்டு என்று கறாராக எழுதிவைத்தார்கள். அவர்களுக்கு முன்பு எத்தனை விவசாயிகளும் கல்லுடைப்பவர்களும் இதைக் கைமாற்றிக் கொடுத்தார்களோ, அவர்கள் பெயர் எங்கும் இல்லை. அதனால்தான் அளவுகளை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதில் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இறகு வாங்குவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாம்பல் பார்ட்ரிட்ஜ் பிரிட்டனில் வெகுவாகக் குறைந்துபோன பறவை. ஒரு தோல் வாங்கினால் சிக்கனமாக, கடைசி இறகு வரை பயன்படுத்துங்கள். இரண்டே சுற்று என்று பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ட்ரவுட் பருவம் மார்ச் 25 முதல் செப்டம்பர் 30 வரை. தொடக்க வாரங்களுக்கு ஒரே தூண்டில் நரம்பில் மூன்று ஃபிளை கட்டுவேன்: மேலே வாட்டர்ஹென் ப்ளோவா, நடுவில் ஸ்னைப் அண்ட் பர்ப்பிள், நுனியில் பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச். குறுகிய வீச்சு, கோலை உயர்த்திப் பிடித்து, நரம்பு நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ உடனே தூக்க வேண்டும். நடு ஃபிளைக்கு ஊதாப் பட்டும், ஸ்னைப் எனப்படும் உள்ளான் பறவையின் இறக்கையின் மேல் விளிம்பிலிருக்கும் கரிய சிற்றிறகும் தேவை. ஓர் இறக்கையில் உருப்படியாகத் தேறுவது கொஞ்சம்தான். என்னிடம் உள்ளான் தீரும் நிலையில் இருப்பதால் இந்த வாரம் ஸ்டார்லிங் பறவையின் இறக்கை இறகை வைத்துச் சில கட்டியிருக்கிறேன். மினுமினுப்பு சற்றுக் கூடுதல், இழை இன்னும் குட்டை. இன்னும் சிறிய 16ஆம் எண் முள்ளுக்கு அது பொருத்தமாகவே அமைகிறது.