பார்த்தும் எழுதாதது

"சார், உங்க ஆபீஸ்ல யாரும் பார்க்கலையா, இல்ல பார்த்தும் எழுதலையா?" என்று அந்த விண்ணப்பதாரர் தொலைபேசியில் கேட்டார். "கோப்பில் இருப்பதைத்தான் நான் சொல்ல முடியும் ஐயா" என்றேன். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) அது சரியான பதில். இருந்தும் இந்த இரண்டு வரிகளை நான் மனத்துக்குள் பலமுறை திருப்பிப் பார்த்துவிட்டேன்.

10 ரூபாய் அஞ்சல் ஆணையோடு, கோடிட்ட தாளில் தமிழில் எழுதி வந்த விண்ணப்பம் அது. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ ஒரு பொருள் தென்பட்டு, சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நின்றுபோன செய்தியை அவர் படித்திருந்தார். அந்தப் பொருள் என்ன, அது பற்றிய விசாரணை அறிக்கை எங்கே, விமானப் போக்குவரத்து சார்ந்த எங்கள் அலுவலகத்துக்கு இதுபோன்ற தகவல்கள் இதற்குமுன் வந்திருக்கின்றனவா என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். முதல் கேள்வி கருத்துக் கேட்பது. கோப்பில் இல்லாத கருத்தை உருவாக்கித் தரும் கடமை என்னைப் போன்ற தகவல் அலுவலருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. இரண்டாவதைப் பிரிவு 6(3)-இன் கீழ் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பினேன். மூன்றாவதுதான் சிக்கல்.

பதில் வரைவைப் பார்த்த என் மேலதிகாரி, "எதற்கு வம்பு, நாட்டின் பாதுகாப்பு என்று 8(1)-இன் முதல் உட்பிரிவைப் போட்டு முடித்துவிடுங்கள்" என்றார். தகவல் தராமல் விலக்குக் கோர இடம் தரும் பிரிவு அது. (முதல் மேல்முறையீட்டை விசாரிக்கப்போகிறவரும் அவரே என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.) நான் ஒப்பவில்லை. ஆவணமே இல்லாதபோது விலக்குக் கோருவது காலிப் பெட்டிக்குப் பூட்டுப் போடுவதுதான். பூட்டைப் பார்ப்பவர் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்பார். விண்ணில் தெரிந்தவற்றைப் பற்றிக் கேட்பவர்களிடம் இது இன்னும் மோசமாக வேலை செய்யும். மறுத்தால் அரசு மறைக்கிறது என்பார்கள். இல்லை என்றால் பொய் சொல்கிறது என்பார்கள். ஆகவே உண்மையையே எழுதுவோம் என்று, "இவ்வலுவலகத்தில் அத்தகைய பதிவேடு எதுவும் இல்லை" என எழுதினேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. ஆனால் ஓர் இரவுப் பணி முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஓடுபாதையின் கிழக்கே நெடுநேரம் ஒரு வெளிச்சம் நின்றதாகவும், பின்பு மேலே போய் மறைந்ததாகவும் பணியாளர் ஒருவர் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பணிப் பதிவேட்டில் அந்த இரவுக்கு வழக்கமான கையெழுத்துகள் மட்டுமே இருந்தன. விண்ணப்பம் வந்த பின் நானே புரட்டிப் பார்த்தேன். தேநீர்ப் பேச்சு சட்டத்தின் கண்ணில் தகவல் ஆகாது. ஆகக் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வாய்ப்பேச்சையெல்லாம் பதிலில் சேர்க்கத் தொடங்கினால் எந்த அலுவலகமும் தாங்காது.

அந்த வெளிச்சம் வெள்ளிக் கோளாகவே இருந்திருக்கலாம். 2012-இல் லடாக் எல்லையில் ராணுவத்தினர் மாதக்கணக்கில் பார்த்துக் கவலைப்பட்ட ஒளிகள், வெள்ளியும் வியாழனும்தான் என்று பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் பிறகு கண்டறிந்தார்கள். இப்படி எண்ணி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளும்போதே இன்னொன்று உறுத்துகிறது. பார்த்தவர்கள் நேரமும் திசையும் குறித்து வைத்ததால்தானே அங்கே கோள் என்று சொல்லவாவது முடிந்தது? பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் இத்தகைய புகார்களுக்கென்றே ஒரு தனி அலுவலகப் பிரிவு வைத்திருந்து, பாதுகாப்புக்குப் பயனில்லை என்று 2009-இல் அதை மூடியது; மூடிய பின்பும், சேர்ந்திருந்த கோப்புகள் 2013 வரை தேசிய ஆவணக் காப்பகம் வழியாக வெளிவந்தன. நம் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு வைக்கச் சொல்கிறது. ஆனால் கண்ணால் கண்டதை ஆவணமாக்கு என்று அது சொல்லவில்லை. எதை எழுதுவது என்பதை முடிவு செய்கிறவர்கள் நாங்கள். எழுதியதை மட்டும் தருவோம் என்று சொல்பவர்களும் நாங்களே.

முதல் மேல்முறையீடு ஒரே பத்தியில் தள்ளுபடி ஆனது. தகவல் ஆணையத்துக்குப் போக அவருக்கு 90 நாள் இருந்தது, அவர் போகவில்லை. போயிருந்தாலும் என் பதில்தான் நின்றிருக்கும். போயிருக்கலாமே என்று எனக்கே ஏன் தோன்றுகிறது என்பது விளங்கவில்லை.

பிறகு ஒரு நாள் அந்தப் பணியாளரிடம், இனி அப்படி ஏதாவது கண்டால் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள் என்று சொன்னேன். "எழுதினா விசாரணை வரும், நான் கண்ணாடி போட்டிருந்தேனான்னு கேப்பாங்க. அப்புறம் ஆர்டிஐ வரும், அதுக்கு நீங்கதான் சார் பதில் எழுதணும்" என்று சிரித்தார். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியாமல் நானும் சிரித்துவிட்டு, மேசைமேல் காத்திருந்த அடுத்த விண்ணப்பத்தை எடுத்தேன். அது யாரோ ஒருவரின் ஓய்வூதியக் கணக்கு பற்றியது.